மடக்குக் கத்திச் சேகரிப்பில் புதுக் கத்தி சேர்ப்பது எப்படி? கிழக்குக் கரையோரத்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று. எங்கள் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது வயல். இங்கே இருந்துகொண்டு மடக்குக் கத்தி சேர்க்கிறவர், கண்டியிலோ நுவரெலியாவிலோ சேர்க்கிறவரைப் போல வாங்கிவிட முடியாது. உப்புக் காற்று வருடம் முழுவதும் வேலை செய்யும். அதனால் ஒவ்வொரு புதுக் கத்திக்கும் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். என்னிடம் இல்லாத எதை இது கொண்டு வருகிறது? இந்தக் காற்றில் இதை நான் எப்படிக் காப்பாற்றப் போகிறேன்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் போகின்றன.

படி 1: இருப்பதைப் பரப்பி எழுதுங்கள்

புதிதாக வாங்க மனம் எழும்பியவுடன் கடைப் பக்கம் போகாமல், இருப்பதை எல்லாம் ஒரு துவாயில் பரப்புங்கள். ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். செய்த நாடு, செய்தவர் பெயர், அலகின் அடியில் உள்ள முத்திரை, அலகின் நீளம், பூட்டும் முறை, இரும்பின் வகை, பிடி எதனால் ஆனது, யாரிடமிருந்து எப்போது வந்தது, என்ன விலை. இவ்வளவும் போதும். முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுத்து வையுங்கள். பழைய கத்திகளில் எழுத்துத் தேய்ந்துகொண்டே போகும்.

இந்தக் கொப்பியை எழுதி முடிக்கும்போது பலருக்கும் ஒன்று விளங்கும். பத்துக் கத்தி இருக்கும், அதில் ஆறு ஒரே மாதிரி இருக்கும். பளபளப்பான கறுப்பு அலகு, பக்கத்தில் ஒரு கிளிப், உள்ளே அதே தகட்டுப் பூட்டு. ஏழாவதையும் அப்படியே வாங்கினால் எண்ணிக்கை கூடும், சேகரிப்பு வளராது.

படி 2: இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

சேகரிப்புக்கு ஒரு திசை வேண்டும். நாடு வாரியாகவோ, ஒரே கம்பனியின் கத்திகளாகவோ, செய்யும் வேலை வாரியாகவோ சேர்க்கலாம். என்னைக் கேட்டால், பூட்டு வாரியாகச் சேர்ப்பதுதான் தொடங்குகிறவர்களுக்கு நல்லது. ஒரு மடக்குக் கத்தியின் புத்தி முழுக்க அதன் பூட்டில்தான் இருக்கிறது. காசும் அதிகம் தேவையில்லை, ஒவ்வொரு பூட்டுக்கும் மலிவான, நேர்மையான ஒரு கத்தி உண்டு.

முதலில் பூட்டே இல்லாதது. ஜப்பானின் மிக்கி நகரத்தில் 1890களிலிருந்து செய்யப்படும் ஹிகோனோகாமி. மடித்த பித்தளைத் தகடு ஒன்று, அதற்குள் ஓர் அலகு, அலகின் வாலில் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க ஒரு நீட்டம். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. விரல் விட்டால் அலகு தளரும். எளிமை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இதைவிட நல்ல கத்தி கிடையாது.

அடுத்தது ஸ்லிப் ஜொயின்ட். எங்கள் அப்பப்பாமார் சட்டைப் பையில் வைத்திருந்த வில்லுக்கத்தி இதுதான். முதுகில் உள்ள வில்லு அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் இழுத்துப் பிடிக்கும். பூட்டாது. சுவிஸ் கத்திகளின் பெரிய பங்கு இந்த வகை.

பிரான்சின் ஓப்பினெல் தனிக் கதை. ஜோசப் ஓப்பினெல் சவோய் மலைப் பகுதியில் 1890இல் தொடங்கினார். 1897இல் 1 தொடக்கம் 12 வரை இலக்கமிட்ட அளவுகள் வந்தன. கழுத்தில் சுழலும் வளையப் பூட்டு 1955இல் சேர்ந்தது. 8ஆம் இலக்கத்துக்கு 8.5 செ.மீ. அலகு. மரப்பிடி, நிலையான ஒரு வளையம், சுழலும் ஒரு வளையம், ஓர் ஆணி, ஓர் அலகு, அவ்வளவுதான் பாகங்கள்.

பிடியின் முதுகில் உள்ள நெம்பை அழுத்தி அலகை மூடும் பேக் லொக்கைப் பலரும் அறிந்தது 1964இல் அமெரிக்காவின் பக் கம்பனி வெளியிட்ட 110 என்ற கத்தியால். பித்தளை முனைகள், கையில் நல்ல பாரம். அதே வகைப் பூட்டை மெல்லிய தகட்டு உடம்பில் காட்டுவது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மெர்க்கேட்டர் கே55கே. அதன் உடம்பில் பாயும் பூனை ஒன்று பொறித்திருக்கும். உள்தகட்டைப் பக்கவாட்டில் தள்ளி அலகை மூடும் லைனர் லொக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வோக்கர். பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கிய ஃபிரேம் லொக் கிறிஸ் ரீவுடையது. ஒற்றைக் கையால் திறக்க அலகில் வட்டத் துளையும், பையில் கொழுவக் கிளிப்பும் வைத்து 1981இல் வந்த, அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கம்பனியின் வேர்க்கர் (Worker) என்ற கத்திக்குப் பிறகு, உலகத்து மடக்குக் கத்திகளின் முகமே மாறியது.

இந்த வரிசையில் உங்கள் கொப்பியில் எது இல்லையோ, அதுதான் அடுத்த கத்தி.

ஊர்ச் சாமானையும் மறக்க வேண்டாம். வெற்றிலைத் தட்டத்தோடு போன பாக்குவெட்டியும் ஓர் அச்சில் சுழலும் வெட்டுக் கருவிதான். பித்தளையிலும் இரும்பிலும் பழைய பாக்குவெட்டிகள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. மடக்குக் கத்திகளுக்குப் பக்கத்தில் இரண்டை வைத்தால் சேகரிப்புக்கு ஓர் ஊர் வந்துவிடும்.

படி 3: அலகின் இரும்பைத் தெரிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் கடலோரத்து ஆட்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் கறள் பிடிக்காது என்று நினைக்கிறோம். இரும்பில் குரோமியம் ஏறத்தாழ 10.5 வீதத்துக்கு மேல் போனால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஒக்சைட்டுப் படலம் உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கும். உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைத்தான் துளைக்கும். அதனால் எங்கள் பக்கம் ஸ்டெயின்லெஸ் அலகு முழுவதும் சிவக்காமல், ஊசி குத்தினாற்போல் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் விழும். அதிலும் மோசம் அச்சுப் பகுதி. வொஷருக்கு அடியிலும் தகடுகளுக்கு நடுவிலும் ஈரம் தங்கினால் ஒக்சிசன் போகாது, படலம் திரும்பக் கட்டாது. வெளியே கத்தி கண்ணாடி மாதிரி இருக்கும், கழற்றிப் பார்த்தால் உள்ளே கறள் தின்றிருக்கும்.

இதை மனதில் வைத்து இரும்புகளைப் பாருங்கள்.

சாதாரண கார்பன் ஸ்டீல்: ஓப்பினெலின் கார்பன் வகை, ஹிகோனோகாமியின் நீலக் கடதாசி ஸ்டீல் எல்லாம் இதில் சேரும். அருமையாகக் கூர் ஏறும், வீட்டில் எளிதாகத் தீட்டலாம். கடலோரத்தில் ஒரு இரவு ஈரமாக விட்டால் காலையில் சிவப்பு. வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். இப்படியான கத்தி இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் உங்கள் கவனத்தைக் கேட்கும்.

டி2: இணையக் கடைகளில் மலிவான கத்திகளில் அதிகம் காணப்படுவது. கார்பன் ஏறத்தாழ 1.5 வீதம், குரோமியம் 12 வீதம் அளவில். எண்ணைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் என்று ஏமாற வேண்டாம். அந்தக் குரோமியத்தில் பெரும் பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைட்டாகப் போய்விடும், காவலுக்கு மிஞ்சுவது குறைவு. கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் எங்கள் காற்றில் புள்ளி விழும்.

12சி27, 14சி28என்: சுவீடனின் சான்ட்விக் ஆலைகள் உருவாக்கிய இரும்புகள். ஓப்பினெலின் ஸ்டெயின்லெஸ் வகை முதலாவது. இரண்டாவதில் கொஞ்சம் நைட்ரசன் சேர்த்திருப்பதால் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும். விலைக்கும் தரத்துக்கும் கடலோரத்துக்கும் பொருந்துவது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 14சி28என்தான் என் பதில்.

சிவப்புச் சுவிஸ் கத்திகளைச் செய்யும் விக்டோரினொக்ஸ் கம்பனி பாவிக்கும் இரும்பு கொஞ்சம் மென்மையானது. கூர் சீக்கிரம் மழுங்கும், இரண்டு நிமிடத்தில் திரும்ப ஏறும். துருவை நன்றாகத் தாங்கும்.

வாவியில் வலை இழுக்கிறவர், கடலுக்குப் போகிறவர் பாவிக்கவே வாங்குகிறார் என்றால் எச்1, எல்சி200என் போன்ற நைட்ரசன் இரும்புகளைத் தேடலாம். கார்பனின் வேலையில் பெரும் பங்கை இவற்றில் நைட்ரசன் செய்கிறது. உப்புத் தண்ணீரிலேயே கிடந்தாலும் கறள் பிடிப்பது அரிது. விலை கூட.

படி 4: பிடியையும் இதே கண்ணால் பாருங்கள்

மரப்பிடி வாடை மழைக் காலத்தில் ஊதும். ஓப்பினெல் வைத்திருப்பவர்களுக்கு மார்கழியில் அலகு வெளியே வராமல் இறுகுவது தெரியும். நகத்தை உடைத்துக்கொள்ளாமல், மூடிய கத்தியின் பிடி நுனியை மேசை விளிம்பில் ஒருமுறை தட்டினால் அலகு நகர்ந்து கொடுக்கும். புதிதாக வாங்கியதுமே மரத்தை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து நன்றாகக் காயவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது, விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

மான் கொம்பும் எலும்பும் கச்சான் காற்றின் வறட்சியில் வெடிக்கும். பிசினோடு கண்ணாடி நாரோ துணியோ சேர்த்து அழுத்திய ஜி10, மைக்கார்ட்டா போன்ற கலவைகளுக்கும் அலுமினியத்துக்கும் எங்கள் காலநிலை ஒரு பொருட்டில்லை. சுவிஸ் கத்திகளின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடிக்கு ஓர் எதிரி உண்டு. டீட் கலந்த நுளம்பு மருந்து பூசிய கையால் தொட்டால் அதன் மினுக்கம் போய்ப் பிசுபிசுக்கும். கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

பழைய கத்திகளில் ஆமை ஓடு, முத்துச்சிப்பி மாதிரித் தோன்றும் வண்ணப் பிடிகள் பல, பழைய வகைப் பிளாஸ்டிக்கான செலுலோயிட். வெப்பத்தில் இது உடையும்போது நைட்ரசன் ஒக்சைட்டு ஆவி வரும், ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். பக்கத்தில் கிடக்கும் நல்ல கத்திகளையும் அது அரிக்கும். செலுலோயிட் பிடிக் கத்தி கிடைத்தால் தனிப் பெட்டியில், காற்றோட்டமாக, அடுப்படியில் இருந்து தூரத்தில் வையுங்கள்.

படி 5: எங்கிருந்து எடுப்பது

முதல் வழி சொந்தக்காரர். எங்கள் மாவட்டங்களில் சுவிசில் ஒரு மாமாவோ மச்சானோ இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் விமான நிலையத்தில் சொக்கலேட்டோடு சேர்த்து வாங்கி வரும் சிவப்புக் கத்தியைவிட நல்ல ஒன்றைக் கேட்கலாம். விக்டோரினொக்ஸைத் தொடக்கிய கார்ல் எல்செனர் 1884இல் ஷ்வீஸ் மாநிலத்து ஈபாக்கில் பட்டறை தொடங்கினார், 1891இல் சுவிஸ் படைக்கு முதல் தொகைக் கத்திகளைக் கொடுத்தார். அந்தப் படைக் கத்தியின் 1961 மாதிரி 2008 வரை வந்தது. 93 மி.மீ. நீளம், வரியோடிய வெள்ளி நிற அலுமினியப் பிடி, அதில் சின்னச் சுவிஸ் கேடயம். அலகின் அடியில் செய்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். அங்கத்தைய பழைய சாமான் சந்தைகளில் இது கிடைக்கும். நீங்கள் பிறந்த வருடத்தையோ மகள் பிறந்த வருடத்தையோ சொல்லித் தேடச் சொல்லுங்கள். மச்சானுக்கும் அது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.

வருகிறவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கத்தி கைப்பையில் வரக் கூடாது, ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான் வர வேண்டும். அந்தந்த நாட்டில் தெருவில் வைத்திருப்பதற்கும் விதி உண்டு. இங்கிலாந்தில் காரணம் எதுவும் காட்டாமல் கையில் வைத்திருக்கக் கூடியது, அலகின் வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டாத மடக்குக் கத்தி மட்டும்தான். ஜெர்மனியிலும் ஒற்றைக் கையால் திறந்து பூட்டும் கத்தியைக் காரணமின்றிக் கொண்டு திரிய முடியாது.

இரண்டாவது வழி, ஊர் வீடுகளின் பெட்டகங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஷெபீல்ட் நகரத்துக் கத்திகள் இலங்கைக்கு நிறைய வந்தன. ஜோசப் ரொஜர்ஸ் கத்தியின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மோல்ட்டா சிலுவையும். சோலிங்கன் கத்தியில் மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. பெரியவர்களிடம் கேட்கும்போது விலை பேசுவதிலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் கத்தி என்ன செய்தது என்று கேளுங்கள். வெற்றிலை போடும் ஓர் ஐயா தன் கத்தியைத் தரும்போது சொன்னது இது: “கொண்டு போய்ப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிராத மனே. இது பாக்குச் சீவின கத்தி, இடைக்கிடை எதையாவது சீவு.” அதை அப்படியே கொப்பியில் எழுதி வைத்தேன். விலையைவிடப் பெறுமதியான பதிவு அது.

பழைய கத்தியின் கறுத்த நிறத்தை மினுக்கி எடுக்க வேண்டாம். சிவப்புக் கறளை மட்டும் எண்ணெயும் மெல்லிய இரும்பு நாரும் கொண்டு எடுங்கள். சாம்பல் கறுப்புப் பூச்சு அதன் வயது, அதை எடுத்தால் திரும்ப வராது.

மூன்றாவது வழி இணையம். அனுப்புகிறவர் இலங்கைக்குக் கத்தி அனுப்புவாரா, கூரியர் அதை ஏற்குமா என்று காசு கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சில நேரம் வரி கத்தியின் விலையை எட்டிப் பிடிக்கும். பொத்தானை அழுத்தினால் பாயும் தானியங்கிக் கத்தி, பிடி இரண்டாகப் பிரிந்து சுழலும் வண்ணத்துப்பூச்சிக் கத்தி இரண்டையும் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள். பல நாடுகளில் தடைப்பட்ட வகைகள் அவை.

போலிகளைப் பற்றி. சந்தைக் கடைகளில் தொங்கும் சிவப்புக் கத்தியில் சிலுவை இருந்தால் மட்டும் அது சுவிஸ் ஆகாது. பெரிய அலகின் அடியில் கம்பனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். கருவிகளுக்கு நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது. கத்தரிக்கோலின் வில்லு உறுதியாகத் திரும்பி வர வேண்டும். லாகியோல் என்ற பெயரும் தேனீயும் இருந்தால் பிரான்சில் செய்தது என்று முடிவு கட்டாதீர்கள், பல நாடுகளில் அந்தப் பெயரில் கத்தி வருகிறது. சோலிங்கன் அப்படியல்ல. அந்தப் பெயரை ஜெர்மன் சட்டம் 1938இலிருந்து காத்து வருகிறது, ஆனாலும் கள்ள முத்திரை குத்துகிறவன் குத்தத்தான் செய்வான். டமாஸ்கஸ் என்று அலையலையாகக் கோலம் போட்ட அலகு மலிவாக வந்தால் முதுகைப் பாருங்கள். உண்மையான மடிப்பு என்றால் கோடுகள் முதுகைத் தாண்டி மறுபக்கம் ஓடும். முதுகில் கோடு இல்லையென்றால் கோலம் வெறும் மேல்பூச்சு.

படி 6: கைக்கு வந்ததும் சோதியுங்கள்

பார்சல் பிரித்த அன்றே செய்ய வேண்டியது, திருப்பி அனுப்பும் காலம் போய்விடும். மூடிய கத்தியை நுனிப் பக்கமிருந்து பாருங்கள், அலகு இரண்டு பக்கத் தகட்டிலும் முட்டாமல் நடுவில் நிற்க வேண்டும். திறந்து பூட்டிய பின் அலகைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள், பிறகு மேலும் கீழுமாக. பக்கவாட்டு ஆட்டத்தை அச்சு ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கிச் சரி செய்யலாம். மேல் கீழ் ஆட்டம் பூட்டின் குறை, திருப்பி அனுப்புங்கள். லைனர் லொக்கில் பூட்டுத் தகடு அலகின் அடிப்பாகத்தை எவ்வளவு தூரம் மூடுகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தொடக்கம் பாதி வரை நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் ஒரு நாள் விரலில் மூடும். அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்கும் படங்கள் இணையத்தில் நிறைய. செய்யாதீர்கள், நல்ல பூட்டும் அதில் கெடும்.

படி 7: முதல் துப்புரவும் முதல் எண்ணெயும்

தொழிற்சாலை எண்ணெயில் தூசியும் இரும்புத் துகளும் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு, பழைய பல் துலக்கி. கழுவியதும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் திறந்தபடி காயவிடுங்கள். மரப்பிடியைத் தண்ணீரில் போட வேண்டாம், அலகை மட்டும் துடையுங்கள்.

அச்சுக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் போதும். பழம் நறுக்கும் கத்தி என்றால் அலகுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்குயிட் பரஃபின். நல்லெண்ணெய் நாள்போக்கில் பசையாகும். தேங்காய் எண்ணெய் காறிப் போனால் அதன் கொழுப்பு அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும். வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதென்று இரண்டையும் ஊற்ற வேண்டாம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, மாதக் கணக்காகக் காவல் நிற்காது.

கார்பன் அலகுக்கு இன்னொரு காவல் உண்டு. சீனி போடாத கடும் பிளேன்டீயை ஆறவிட்டு, எண்ணெய் போகக் கழுவிய அலகைச் சில மணி நேரம் அதில் நிறுத்துங்கள். தேயிலையின் தனின் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகப் படியும். இடையிடையே எடுத்துப் பாருங்கள். வேண்டிய நிறம் வந்ததும் கழுவி, துடைத்து, எண்ணெய். இது கறளை முற்றாகத் தடுக்காது, தாமதிக்கும். அலகுக்கு வரும் நிறமோ, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

படி 8: வைப்பிடம்

தோல் உறைக்குள் கத்தியை வைத்துப் பூட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் கொலை. தோல் பதனிட்ட அமிலமும் உப்பும் அதிலேயே இருக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். உறையைத் தனியே வையுங்கள். வெல்வெட், பஞ்சு வைத்த அழகுப் பெட்டிகளும் ஈரம் குடிப்பவை.

மலிவான நல்ல வழி, றப்பர் விளிம்புள்ள, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. அடியில் சிலிக்கா ஜெல், அதற்கு மேல் மெல்லிய நுரைத் தாள், அதன் மேல் எண்ணெய் தடவிய கத்திகள், ஒன்றோடொன்று முட்டாமல். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் ஈரம் குடித்து நிரம்பியதைக் கண்ணாலேயே காணலாம். குறைந்த சூட்டில் வெதுப்பியில் (oven) வைத்துக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் பெட்டிக்குள் போடுங்கள், 50 வீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி. அரிசிக்குள் புதைத்து வைப்பது உதவாது, தவிட்டுத் தூசி அச்சுக்குள் போகும். பாதுகாப்பாக வைக்கும் முன் அலகை விரலால் தொட்ட இடமெல்லாம் துடையுங்கள். வியர்வையும் உப்புத்தான்.

எங்கள் பருவத்தோடு சேர்ந்து ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும் முன் எல்லாவற்றையும் கழற்றக் கூடியவரை கழற்றி எண்ணெய் போட வேண்டும். வாடை மழை பெய்யும் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒரு பார்வை. தைப்பொங்கல் கழிந்து வெயில் விழுந்ததும் முழுச் சோதனை. கச்சான் அடிக்கும் காலத்தில் மர, கொம்புப் பிடிகளுக்குக் கொஞ்சம் எண்ணெய். வாவிக்கரைக்கோ கடற்கரைக்கோ கொண்டுபோன கத்தி அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுப்பட வேண்டும், களைத்து வந்தாலும். 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் கைப்பிடி இரும்பைக் கிட்டப் போய்ப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பெட்டி பூட்டும் லாச்சிக்குள் போக வேண்டும்.

படி 9: தீட்டுதல்

பெட்டியிலேயே கிடக்கும் கத்திக்குத் தீட்டல் வேண்டாம். பாவிக்கிறதை 1000 அளவுத் தண்ணீர்க் கல்லில், ஒரு பக்கத்துக்கு 15 தொடக்கம் 20 பாகை சாய்வில் தீட்டி, பழைய தோல் வாரில் இழுத்தால் போதும். வன்பொருள் கடையின் இருபக்கக் கரகரப்புக் கல் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நல்லது, இதற்கு முரடு. தெருவில் சில்லைச் சுழற்றிச் சாணை பிடிக்கிறவரிடமும் கொடுக்க வேண்டாம். மெல்லிய அலகு அதில் நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் சூடு 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்து வன்மை போய்விட்டது, கூர் இனி நிற்காது.

படி 10: வீட்டுக்கு வெளியே

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கச் சொன்ன நாட்கள் எங்கள் ஊர்களில் யாருக்கும் மறக்காது. அன்று குண்டு வெடித்த சியோன் தேவாலயம் இருப்பது எங்கள் மட்டக்களப்பில். கத்தி என்ற சொல்லுக்கே இங்கே ஒரு பாரம் உண்டு, சேகரிக்கிறவர் அதை மதிக்க வேண்டும். கோயில் திருவிழா, பள்ளிவாசல், தேவாலயம், நீதிமன்றம், பாடசாலை, அரச அலுவலகம், பேருந்து நிலையம் எங்கும் சேகரிப்புக் கத்தி பையில் இருக்கக் கூடாது. இன்னொரு சேகரிப்பாளரின் வீட்டுக்குக் கொண்டு போவதென்றால் மூடி, சுற்றி, பெட்டிக்குள் வைத்து, நேரே போய் நேரே வாருங்கள். எதை எந்த அளவில் வைத்திருக்கலாம், கொண்டு போகலாம் என்பதை வாங்கும் முன்பே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். விலைச் சீட்டுகளைக் கொப்பியோடு வைத்திருப்பது அப்போதும் உதவும். சேகரிப்பை முகநூலில் போடுகிறவர்கள் கத்தியை மேசையில் வைத்துப் படம் எடுங்கள். கையில் நீட்டிப் பிடித்த படம் பார்க்கிறவருக்கு வேறு கதை சொல்லும்.

படி 11: ஒன்று வந்தால் ஒன்று போகலாம்

வருடத்துக்கு ஒருமுறை கொப்பியைப் புரட்டி, இன்னொன்றின் நிழலாக மட்டும் இருக்கும் கத்தியைப் பிரித்தெடுங்கள். விற்கலாம், மாற்றலாம். பதினெட்டு வயது தாண்டிய, கவனமான ஒருவருக்குக் கொடுத்து அவரைத் தொடங்கி வைக்கலாம். விற்கிறீர்கள் என்றால் அலகில் விழுந்த புள்ளி, மாற்றிய ஸ்குரூ, கூர் தீட்டிய விபரம் எல்லாவற்றையும் முதலே சொல்லுங்கள். சேகரிக்கிறவர்கள் சிலரே உள்ள மாவட்டங்களில் உங்கள் பேச்சுத்தான் உங்கள் முத்திரை. கொடுக்கும் முன் கழுவி, அச்சுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, மூடி, மெழுகுத்தாளில் சுற்றுங்கள். கைக்குக் கை நீட்டாமல் மேசையில் வைத்து எடுக்கச் சொல்லும் எங்கள் வழக்கத்தையே பின்பற்றுங்கள், விரலுக்கும் அது நல்லது. கொப்பியில் அந்தக் கத்தியின் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, மூலப் பக்கத்தில் போன திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.